நான்கு இழுவண்டி போதுமா?

விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் பெரும்பாலோர் இறக்கையையும் மேகத்தையும்தான் படம் எடுக்கிறார்கள். அடுத்த முறை, கதவைச் சாத்துவதற்கு முன்பு, பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். மூக்குச் சக்கரத்துக்கு அருகே தட்டையான, கனத்த வண்டி ஒன்று நிற்கும். வயிற்றுப் பக்கத்தில் சாய்வான ஒரு பட்டை பயணப்பெட்டிகளை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். விமானத்தின் முன்பகுதியில் தடித்த கறுப்பு மின்வடம் ஒன்று செருகப்பட்டிருக்கும். விமானத்தின் விலையோடு ஒப்பிட்டால் இவையெல்லாம் சில்லறை. ஆனால் இந்தச் சில்லறையில் ஒன்று வந்து சேரவில்லையென்றால், பல கோடி ரிங்கிட் பெறும் விமானம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

செலவைக் குறைக்க நினைக்கும் விமான நிறுவனத்தின் கண் முதலில் படும் இடங்களில் இதுவும் ஒன்று. எண்ணெய் விலையை அது தீர்மானிக்க முடியாது. விமானத்துக்கான வாடகையை நிறுத்திவைக்க முடியாது. புதிய இழுவண்டி வாங்குவதை மட்டும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம். யாரும் உடனே கவனிக்க மாட்டார்கள். அப்படித் தள்ளிவைத்தால் என்ன ஆகிறது? படிவம் 4, 5 இயற்பியலும் கொஞ்சம் கணக்கும் இருந்தால் போதும், நாமே கண்டுபிடித்துவிடலாம்.

இழுவண்டிக்கு எதற்கு இத்தனை எடை?

விமானம் தானாகப் பின்னால் போகாதா என்று வகுப்பில் கேட்பார்கள். எஞ்சின் தள்ளும் காற்றை முன்பக்கமாகத் திருப்பிவிட்டால் கொஞ்சம் போகும். ஆனால் அந்தக் காற்று தரையில் கிடக்கும் கல்லையும் தூசியையும் முனையக் கட்டடத்தின் மேலும் ஊழியர்களின் மேலும் வாரி இறைக்கும். சத்தமும் எரிபொருள் செலவும் வேறு. அதனால் இழுவண்டிதான் பின்னால் தள்ளுகிறது.

நம் வட்டாரத்தில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320 முழுச் சுமையோடு ஏறத்தாழ 78 டன். அதன் எடை விசை 78,000 × 9.8, அதாவது சுமார் 764,000 நியூட்டன். சக்கரங்கள் உருளும்போது ஏற்படும் தடை, எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். சுமார் 15,000 நியூட்டன் விசை கொடுத்தால் விமானம் மெல்ல நகரும்.

இந்த 15,000 நியூட்டன் எங்கிருந்து வருகிறது? இழுவண்டியின் எஞ்சினிலிருந்து என்று சொல்லத் தோன்றும். எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகிறது, அவ்வளவுதான். விமானத்தைத் தள்ளும் விசை, வண்டியின் டயருக்கும் சிமெண்டுத் தரைக்கும் இடையிலான உராய்விலிருந்து வருகிறது. மழை பெய்து நனைந்த தரையில் உராய்வுக் குணகம் 0.4 என்று எடுத்துக்கொண்டால், 15,000 நியூட்டன் பிடிமானத்துக்கு வண்டியின் எடை குறைந்தது 38,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 4 டன் இருக்க வேண்டும். மழைநீர் வடிவதற்காகத் தரை இலேசாகச் சரிந்திருக்கும். நிற்பதை அசைத்துக் கிளப்பக் கூடுதல் விசை வேண்டும். இவற்றையும் சேர்த்தால் அந்த 4 டன் இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடுகிறது. 560 டன் எடையுள்ள ஏ380 போன்ற விமானத்தைத் தள்ளும் வண்டிகளின் எடை 50 டன்னையும் தாண்டும். பெரிய எஞ்சின் பூட்டிய இலேசான வண்டியை மலிவாக வாங்கிச் சமாளிக்க முடியாது. மழை நாளில் சக்கரம் சுழலும், விமானம் அசையாது.

இதிலேயே ஒரு கெட்டிக்காரத்தனமான வழியும் உண்டு. சில புதிய வண்டிகள் இழுகம்பி இல்லாமல், விமானத்தின் மூக்குச் சக்கரத்தையே கவ்வித் தூக்கிக்கொள்கின்றன. விமானத்தின் எடையில் ஒரு பகுதி வண்டியின் மேல் ஏறிவிடுவதால் அதுவே பிடிமானம் தருகிறது. வெறும் இரும்பைச் சுமந்து திரியத் தேவையில்லை. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் தந்திரங்களில் இது ஒன்று. விலைதான் கூடுதல்.

பழைய முறை இழுகம்பியிலும் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அதில் உடைவதற்கென்றே செய்த ஓர் ஊசி இருக்கிறது. ஓட்டுநர் திடீரென்று பிரேக் பிடித்தாலோ அளவுக்கு மீறித் திருப்பினாலோ அந்த ஊசி முறிந்து, விசை விமானத்தின் மூக்குச் சக்கரக் காலுக்குப் போகாமல் தடுக்கிறது. வீட்டில் ஃபியூஸ் செய்யும் வேலைதான். ஊசி முறிந்ததும் மாற்று ஊசியும், அந்த விமான வகைக்குப் பொருந்தும் இன்னொரு இழுகம்பியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஏ320 கம்பியைப் போயிங் 737-இல் அப்படியே மாட்டிவிட முடியாது. மாற்றுக் கம்பியைச் சேமிப்புக் கணக்கில் எழுதிவிட்ட இடத்தில், சில ரிங்கிட் பெறும் ஓர் ஊசிக்காக 180 பேர் காத்திருப்பார்கள்.

சும்மா நிற்கும் வண்டி

இப்போது தலைப்பிலுள்ள கேள்விக்கு வருவோம். ஒரு முனையத்தில் நெருக்கடியான நேரத்தில் மணிக்கு 18 விமானங்கள் புறப்படுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இழுவண்டி விமானத்தில் மாட்டி, தள்ளி, கழற்றி, அடுத்த விமானத்திடம் போய்ச் சேரச் சராசரி 12 நிமிடம். ஆக ஒரு வண்டி மணிக்கு 5 விமானங்களைத் தள்ளும். நான்கு வண்டிகள் 20 விமானங்களைத் தள்ளும். தேவை 18தான். ஏற்கெனவே ஆறு வண்டிகள் இருக்கின்றன என்றால் கணக்காளர் என்ன சொல்வார்? "வண்டிகள் நூற்றுக்கு 60 பங்கு நேரம்தான் வேலை செய்கின்றன. மீதி நேரம் சும்மா நிற்கின்றன. இரண்டை விற்றுவிடலாம்."

கூட்டல் கழித்தலில் அவர் சொல்வது சரி. ஆனால் 18 விமானங்களும் 3 நிமிடம் 20 விநாடிக்கு ஒன்று என்று தாளம் தப்பாமல் கதவைச் சாத்துவதில்லை. ஒரு பயணி தாமதமாக வருவார். ஒரு விமானத்துக்கு எண்ணெய் லாரி வரவில்லை. இன்னொன்று ஐந்து நிமிடம் முன்னதாகவே தயாராகிவிடும். இரண்டு நிமிடத்துக்குள் மூன்று விமானங்கள் வண்டி கேட்கும்; பிறகு பத்து நிமிடம் யாருமே கேட்க மாட்டார்கள். அந்தப் பத்து நிமிட ஓய்வைச் சேமித்துவைத்து அடுத்த நெருக்கடியில் செலவழிக்க முடியாது. போன நிமிடம் போனதுதான்.

ஒழுங்கில்லாமல் வருகிறவர்களுக்கு எத்தனை முகப்பு தேவை என்ற கேள்வியைக் கணிதமாக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த அக்னர் எர்லாங். கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், தொலைபேசி அழைப்புகள் எப்படி வந்து சேர்கின்றன என்பதைப் பற்றிய தம் ஆய்வை 1909-இல் வெளியிட்டார். வரிசைகள் பற்றிய கணிதம் அங்கிருந்துதான் வளர்ந்தது. விமானங்கள் ஒழுங்கற்ற இடைவெளியில் வருவதாகவும், ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரம் கூடிக் குறைவதாகவும் வைத்து, அவர் பெயரால் வழங்கும் சூத்திரத்தில் நம் எண்களைப் போட்டுப் பார்த்தேன்.

ஆறு வண்டிகள் இருந்தால் ஒரு விமானம் சராசரியாகக் காத்திருக்கும் நேரம் 1 நிமிடம். ஐந்து இருந்தால் மூன்றரை நிமிடம். நான்கு இருந்தால் ஏறத்தாழ 24 நிமிடம்.

மறுபடியும் படித்துப் பாருங்கள். ஆறிலிருந்து ஐந்தாகக் குறைத்தபோது இரண்டரை நிமிடம்தான் கூடியது. மேலாளர் மகிழ்ந்திருப்பார், சேமிப்பு வெற்றி என்று அறிக்கையும் எழுதியிருப்பார். அதே துணிச்சலில் இன்னொன்றையும் குறைத்தால் காத்திருப்பு ஏழு மடங்காகிறது. வண்டிகளின் வேலைப்பளு 72 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காட்டுக்குத்தான் உயர்ந்திருக்கிறது. நூறை நெருங்க நெருங்க வரிசை நேர்கோட்டில் வளராமல் செங்குத்தாக ஏறுகிறது. தீபாவளிக்கு முதல் நாள் டோல் சாவடியில் இதை நீங்கள் அனுபவித்திருப்பீர்கள்: சாதாரண நாளைவிடக் கொஞ்சம் அதிக வண்டிகள்தான், வரிசை மட்டும் பல மடங்கு.

24 நிமிடம் என்பது நெருக்கடி நீண்ட நேரம் தொடர்ந்தால் வரும் சராசரி. ஒன்றரை மணி நேரத்தில் கூட்டம் தணிந்துவிட்டால் வரிசை அவ்வளவு வளர நேரமிருக்காது. இன்னொரு பக்கம், இந்தக் கணக்கில் எந்த வண்டியும் பழுதாகவில்லை. பழைய வண்டிகளை மாற்றாமல் ஓட்டும் இடத்தில் பழுது அன்றாடம் நடப்பது. ஐந்து வண்டி வைத்திருக்கும் நிறுவனம் உண்மையில் பல காலை வேளைகளில் நான்கு வண்டிதான் வைத்திருக்கிறது. ஆறாவது வண்டியை "சும்மா நிற்பது" என்று எழுதியவர், அது எந்த நாளுக்காக நிற்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

காத்திருக்கும்போது எரிவது

இழுவண்டிக்காக நிற்கும் விமானத்துக்குள் விளக்கு எரிய வேண்டும், கணினிகள் ஓட வேண்டும், குளிர்காற்று வர வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுத்துவிட முடியாது. நம் வீட்டுக்கு வரும் மாற்று மின்னோட்டத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். விமானத்துக்கு வேண்டியது 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ். எட்டு மடங்கு வேகமாகத் திசை மாறும் மின்னோட்டம் எதற்கு? மின்மாற்றியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம், காந்தப் பாயம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. அலைவெண் எட்டு மடங்கானால், அதே மின்னழுத்தத்துக்கு இரும்பு உள்ளகத்தின் குறுக்குப்பரப்பு எட்டில் ஒரு பங்கு போதும். பறக்கும் ஒன்றுக்கு ஒவ்வொரு கிலோ இரும்பும் கணக்கு. அதனால் 400 ஹெர்ட்ஸ். அதனால் அதைத் தயாரித்துக் கொடுக்க விமானம் நிற்கும் இடத்தில் தனி மாற்றி, அல்லது சக்கரம் பூட்டிய மின்னாக்கி. ஊழியர்கள் அதை ஜிபியு என்பார்கள்.

ஜிபியு இல்லையென்றால் என்ன? விமானத்தின் வாலில் சிறிய சுழலி எஞ்சின் ஒன்று இருக்கிறது. ஏபியு என்பார்கள். விமானி அதை ஓட்டி மின்சாரமும் காற்றும் பெற்றுக்கொள்ளலாம். தரைக்கருவியை வெட்டும் நிறுவனங்களுக்கு இது வசதியான ஊன்றுகோல். ஏ320 போன்ற விமானத்தில் அது மணிக்கு 100 கிலோவுக்கும் மேல் எரிபொருள் குடிக்கும். ஒரு கிலோ விமான எண்ணெயில் சுமார் 43 மெகாஜூல் ஆற்றல். 100 கிலோவை ஒரு மணி நேரத்தில் எரித்தால் 4,300 மெகாஜூல். 3,600 விநாடியால் வகுத்தால் ஏறத்தாழ 1,200 கிலோவாட். இவ்வகை விமானத்துக்கு வரும் தரை மின்னாக்கியின் திறன் 90 கிலோவாட் அளவில்தான். குளிர்காற்றை ஒதுக்கிவைத்து மின்சாரத்தை மட்டும் எண்ணினால், எரித்ததில் பத்தில் ஒரு பங்குகூடப் பயனாகவில்லை. மீதி வெப்பமாக வாலின் பின்னால் போகிறது.

24 நிமிடக் காத்திருப்பில் ஒரு விமானம் குறைந்தது 40 கிலோ எண்ணெயை எரித்துவிடும். ஒரு கிலோவுக்கு 3.16 கிலோ வீதம், 126 கிலோ கரியமிலவாயு. இழுவண்டிக் கணக்கில் மிச்சமான பணம் எண்ணெய்க் கணக்கில் வெளியேறுகிறது. இரண்டும் வெவ்வேறு பிரிவின் பொறுப்பு என்பதால், ஒரே மேசையில் இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் குறைவு.

ஏபியுவும் பழுதாக இருந்தால்? அதோடும் விமானம் பறக்கலாம். குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் விதி அனுமதிக்கிறது, அதில் ஆபத்து ஏதுமில்லை. ஆனால் அப்போது விமானம் முழுக்க முழுக்கத் தரைக்கருவியை நம்பியிருக்கிறது. மின்சாரத்துக்கு ஜிபியு வேண்டும். முதல் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்ப அழுத்தக் காற்று தரும் வண்டி வேண்டும். ஓர் எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் அதன் காற்றைக் கொண்டே மற்றதைக் கிளப்பலாம். அந்த ஒரே காற்று வண்டி நிலையத்தின் மறுகோடியில் இன்னொரு விமானத்திடம் நின்றால், பயணிகள் வேர்க்கத் தொடங்குவார்கள்.

எவ்வளவு வேகமாக? அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் வெளியிடும் வெப்பம் சுமார் 100 வாட். 180 பேர் என்றால் 18,000 வாட். சமையலறைக் கெட்டில் ஒன்பதை ஒரே நேரத்தில் கொதிக்க வைத்ததுபோல. பயணியர் பகுதியிலுள்ள காற்று 170 கிலோ என்றும் அதன் தன்வெப்பக் கொள்ளளவு 1,000 என்றும் கொண்டால், வெப்பம் முழுவதும் காற்றுக்கே போகுமானால் நிமிடத்துக்கு 6 பாகை ஏறும். உண்மையில் இருக்கையும் சுவரும் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும், அவ்வளவு வேகம் இருக்காது. ஆனால் சிப்பாங்கின் பிற்பகல் வெயில் கூரைக்கு மேலே காய்ந்துகொண்டிருக்கிறது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

முதுகெலும்பின் கணக்கு

பெட்டியேற்றும் பட்டை வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே குறைத்தால் நிமிடத்தோடு போகாது, உடம்புக்கு வரும். ஏ320-இன் சரக்கறை வாசல் தரையிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் உயரம். உள்ளே கூரை நிமிர்ந்து நிற்க முடியாத அளவு தாழ்வு. ஊழியர் மண்டியிட்டபடி பெட்டியைப் பிடித்து அடுக்குகிறார்.

23 கிலோ பெட்டி. எடை விசை சுமார் 225 நியூட்டன். கையை நீட்டிப் பிடிக்கும்போது பெட்டி இடுப்புத் தண்டுவடத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. திருப்புத்திறன் 225 × 0.5 = 113 நியூட்டன் மீட்டர். இதைச் சமன்செய்யும் முதுகுத் தசை தண்டுவடத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. ஆக அந்தத் தசை இழுக்க வேண்டிய விசை 113 ÷ 0.05, சுமார் 2,250 நியூட்டன். 230 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். குனிந்த உடலின் எடையை இன்னும் சேர்க்கவில்லை.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிலையம் கைகளால் தூக்கும் வேலைக்கு வகுத்த சூத்திரமும் 23 கிலோவில்தான் தொடங்குகிறது. எல்லாமே சாதகமாக இருந்தால், அதாவது பொருள் உடலோடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், உடலைத் திருப்பாமல் தூக்கினால், அதுதான் மேல் எல்லை. கை நீட்டினால் எல்லை குறையும், உடல் திரும்பினால் இன்னும் குறையும். விமான வயிற்றுக்குள் சாதகமானது எதுவுமில்லை. பட்டை வண்டி பழுதாகி, தரையில் நிற்பவர் தலைக்கு மேலே பெட்டியைத் தூக்கிக் கொடுக்க வேண்டி வந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு விமானத்துக்கு 90 பெட்டி என்றாலும், ஒரு ஷிப்டில் எத்தனை விமானம்? உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கேஎல்ஐஏ-வில் இந்த வேலை செய்தவர் இருந்தால், முழங்காலையும் இடுப்பையும் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதும் தரவுதான்.

பழைய வண்டிகள் விமானத்தையும் காயப்படுத்தும். 3 டன் பட்டை வண்டி விநாடிக்கு 1 மீட்டர் என்ற நடை வேகத்தில் மோதினாலும் இயக்க ஆற்றல் 1,500 ஜூல். அலுமினியத் தோல் என்றால் பள்ளம் கண்ணுக்குத் தெரியும். போயிங் 787, ஏ350 போன்றவற்றின் கரியிழைத் தோல் வெளியே அடையாளம் காட்டாமல் உள்ளே அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கக்கூடும். நெருங்கும்போது தானாக வேகத்தைக் குறைக்கும் உணரி பொருத்திய புதிய வண்டிகள் இதற்காகத்தான் வந்தன. தரையில் விமானங்களுக்கு நேரும் சேதத்தின் செலவு, தடுக்காமல் விட்டால், 2035-க்குள் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 கோடி அமெரிக்க டாலராகும் என்று அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கம் 2022-இல் மதிப்பிட்டது.

குவாண்டாஸ் செய்தது

இதுவரை பார்த்தது நம் தாளில் போட்ட கணக்கு. ஓர் உண்மை நிகழ்ச்சியையும் பார்ப்போம். 2020 ஆகஸ்டில், கோவிட் காலத்தில், ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் தன் தரைப்பணிகளை வெளி நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்போவதாக அறிவித்தது. அது சொன்ன காரணங்களில் ஒன்று நம் பாடத்துக்கு நேராகப் பொருந்துகிறது: இழுவண்டி, பெட்டியேற்றும் வண்டி போன்ற கருவிகளுக்கு அடுத்த ஐந்து ஆண்டுகளில் செலவாகவிருந்த 8 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தவிர்க்கலாம். இதோடு ஆண்டுக்கு 10 கோடி டாலர் மிச்சமாகும் என்றும் மதிப்பிட்டது. விமானங்கள் பறக்காத காலம். நிறுவனம் பணமின்றித் தவித்தது உண்மை.

2022-இல் பயணிகள் திரும்பி வந்தார்கள். தாமதங்கள், ரத்துகள், காணாமற்போன பெட்டிகள் பெருகின. அந்த ஆண்டு ஆகஸ்டில் மேலாளர்களைப் பார்த்து, சிட்னியிலும் மெல்பர்னிலும் மூன்று மாதம் பெட்டி ஏற்றி இறக்க முன்வாருங்கள் என்று நிறுவனமே கேட்டது. தலைமை நிர்வாகி ஆலன் ஜாய்ஸ் பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டார். எல்லாப் பழியையும் வாங்காத இழுவண்டிகளின் மேல் போட முடியாது. ஊழியர்களுக்கு நோய், உலகெங்கும் ஆள் பற்றாக்குறை இரண்டும் சேர்ந்திருந்தன. சொந்தத் தரைப்பணி வைத்திருந்த நிறுவனங்களும் அந்த ஆண்டு திணறின. ஆனாலும் என் கருத்து இது: இழுவண்டி வேண்டாமென்று எந்த விமானமும் சொல்லவில்லை. கருவி வாங்கும் பொறுப்பு ஒரு நிறுவனத்தின் ஏட்டிலிருந்து இன்னொன்றின் ஏட்டுக்கு மாறியது. தேவை அப்படியே இருந்தது; வேலையும் வண்டியும் ஆளும் ஒருவரையொருவர் அறிந்திருந்த நிலை மட்டும் கலைந்தது.

வேலை இழந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். தொழிலாளர்கள் தங்கள் உரிமைகளைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் நோக்கமும் அந்த முடிவில் இருந்தது, அது சட்டவிரோதம் என்ற தீர்ப்பை ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பரில் ஒருமனதாக உறுதிசெய்தது. 1,820 பேருக்காக 12 கோடி டாலர் இழப்பீட்டுக்கு 2024-இல் உடன்பாடு. 2025 ஆகஸ்டில் 9 கோடி டாலர் அபராதம். இவை ஆட்களை நீக்கிய விதத்துக்கானவை, வண்டிகளுக்காக அல்ல. இருந்தாலும் 8 கோடிக்குப் பக்கத்தில் இந்த எண்களை எழுதாமல் இருக்க முடியவில்லை.

தேவையையே நீக்கினால்?

கருவியைக் குறைப்பது எப்போதும் தவறா? நம் நாட்டிலேயே மறுதலைச் சான்று இருக்கிறது. 2006 மார்ச்சில் சிப்பாங்கில் திறந்த எல்சிசிடி முனையத்தில் விமானத்தோடு இணையும் நடைபாலமே கிடையாது. பயணிகள் வெயிலில் நடந்துபோய்ப் படியேறினார்கள். குறை சொன்னவர்கள் பலர். ஆனால் நடைபாலம் பெரும்பாலும் முன் கதவில் மட்டும் இணையும்; படிகள் முன்னும் பின்னும் இரு கதவுகளைத் திறந்துவிடும். 180 பேர் இரண்டாகப் பிரிந்தால் ஏறும் நேரம் வெகுவாகக் குறையும். ஏர்ஆசியா இலக்காக வைத்திருந்த 25 நிமிடத் திருப்பத்துக்கு, அதாவது இறக்கி ஏற்றி மறுபடியும் புறப்பட ஆகும் நேரத்துக்கு, இதுவும் ஒரு காரணம். ஐரோப்பாவின் ரையன்ஏர் இன்னும் ஒரு படி மேலே போய், விமானத்துக்குள்ளேயே மடங்கும் படியைப் பொருத்தி, வெளிப் படி வண்டிக்காகக் காத்திருப்பதையே ஒழித்தது.

இங்கே கருவி குறைந்தது, கூடவே அதன் தேவையும் குறைந்தது. எர்லாங்கின் சூத்திரத்தில் வண்டிகளின் எண்ணிக்கையோடு வேலைப்பளுவும் சேர்ந்து இறங்கினால் வரிசை வளராது. முதல் கணக்கில் தேவை அப்படியே இருக்க வண்டிகள் மட்டும் குறைந்தன. கணக்கேட்டில் இரண்டும் ஒரே மாதிரி "சேமிப்பு" என்றுதான் பதிவாகும். ஆனால் படிக்கட்டு முறையிலும் விட்டுப்போனவர்கள் உண்டு: சக்கர நாற்காலியில் வருபவர்கள். அவர்களுக்குத் தூக்கி வண்டி வேண்டும். 2007-இல் மாற்றுத்திறனாளிகள் எல்சிசிடியிலேயே கூடி எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டியிருந்தது.

கருவி வாங்காமலே வரிசையைக் குறைக்கும் இன்னொரு வழி கால அட்டவணை. நம் நான்கு வண்டி முனையத்தில் மணிக்கு 18 புறப்பாடுகளில் மூன்றை மட்டும் வேறு நேரத்துக்கு மாற்றி 15 ஆக்கினால், சராசரிக் காத்திருப்பு 24 நிமிடத்திலிருந்து 6 நிமிடமாக இறங்குகிறது. அதிகாலையில் புறப்பட்டு நாளுக்கு ஆறேழு தடவை பறக்கும் விமானத்துக்கு இது பெரிய வேறுபாடு. திருப்ப நேரமே 25 நிமிடம் என்கிறபோது காலையில் இழந்த 20 நிமிடத்தை இடையில் மீட்க இடமில்லை. அது இரவில் தாவாவுக்கோ கோத்தா பாருவுக்கோ போகும் கடைசி விமானம்வரை கூடவே போகும். வழியில் விமானிகளின் சட்டப்படியான பணி நேரம் முடிந்துவிட்டால் அந்தக் கடைசி விமானம் ரத்தாகும்.

சூத்திரத்தை நம்பாதவர்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என இரண்டு பகடைகள் எடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டையும் உருட்டுங்கள். சிவப்பில் 1, 2, 3 விழுந்தால் ஒரு விமானம் வரிசையில் சேர்கிறது. நீலத்தில் 1 முதல் 5 வரை விழுந்தால், வரிசையில் விமானம் இருக்கும்பட்சத்தில் ஒன்று வெளியேறுகிறது. 60 சுற்று ஆடி, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வரிசை நீளத்தை வரைபடத் தாளில் குறியுங்கள். பிறகு நீலத்துக்கு 1 முதல் 4 வரை என்று மாற்றி இன்னொரு 60 சுற்று. கடைசியாக நீலத்துக்கும் 1, 2, 3 மட்டும்: வருவதும் போவதும் சரிசமம், தாளில் பார்த்தால் வண்டி சரியாகப் போதும். மூன்று கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து, மூன்றாவது கோடு எங்கே போகிறது என்று பாருங்கள்.